போறணைச் சுவர்

மஸ்கெலியாவில் வெயில் கிலோ எண்பது ரூபாய்.
விற்பவள் நான்.

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று
கையில் மூன்று எஸ், குடை இல்லை.
மஹ்ரூப் நானாவின் பேக்கரிக்குப் பின்னால் ஒதுங்கினேன்,
அழுவதற்குத்தான்.
சாய்ந்த சுவர் சுட்டது.
அந்தப் பக்கம் போறணை.
அழுது முடிக்குமுன்னமே
முதுகில் சட்டை காய்ந்துவிட்டது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை
எங்கள் காம்பராவில் எது காய்ந்திருக்கிறது?
அடுப்புக்கு மேலே கொடி,
கொடியில் தம்பியின் வெள்ளைச் சட்டை
புகையைக் குடித்துக் குடித்து
பிளேன்டீ நிறத்தில் பள்ளிக்கூடம் போகும்.
லயத்துக்கு இருபது காம்பரா,
டிவிசனுக்கு எத்தனை லயம் என்று
சந்தில் நின்றபடியே பெருக்கினேன்.
கணக்கியலில் எஸ் எடுத்தவளின் பெருக்கல்தான்.
ஆனாலும் விடை பெரியது.

"மா மூட்டை போடுற அறை மகள், எலி இருக்கும்"
என்றார் நானா.
எலியோடு சேர்த்து மாதம் நாலாயிரம்.
அம்மா சீட்டுக் காசை எடுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணியதையே இன்னொரு முறை எண்ணினாள்.
அப்பா கொழும்பிலிருந்து போனில்:
"புடவைக் கடையில ஆள் எடுக்கிறாங்க,
தங்க இடம், சாப்பாடு.
ஈரத்துணி பிழியவா பதின்மூணு வருசம் படிச்சே?"
பிழியவில்லை அப்பா, காய வைக்கிறேன்
என்பதற்குள் ரீலோட் முடிந்துவிட்டது,
அவருக்கோ எனக்கோ.

பதிவுப் படிவத்தில்
தொழிலின் தன்மை என்றொரு கட்டம்.
'வெயில்' என்று எழுதி, வெட்டினேன்.
கடை முகவரி: இலக்கம் 41/3.
உரிமையாளர் வதிவிடத்துக்கு எழுத
தோட்டத்தின் பேரைத் தவிர ஒன்றுமில்லை.
எனக்கு முன்னால்
என் ஈரத்துணிகளுக்குக் கிடைத்துவிட்டது ஓர் இலக்கம்.

முதல் வாரம் மூன்று பேர்.
அதில் பஸ் கொண்டக்டர் சுமித்
இருக்கிற ஒரே சட்டையைக் கழற்றித் தந்துவிட்டு
பனியனோடு உள்ளேயே நின்றான்.
இரண்டாம் வாரம் நாற்பது பள்ளிச் சட்டை.
நாற்பதும் ஒரே வெள்ளை.
ஆறாம் ஆண்டு லிதுஷன்
பத்தாம் ஆண்டுக்காரனின் சட்டைக்குள் நடந்து போனான்.
அவன் தாய் திட்டியது பஸார் முழுக்கக் கேட்டது.
அன்றிரவு காலருக்குள் நூல் தைத்தேன்:
மேல் டிவிசன் சிவப்பு, கீழ் டிவிசன் பச்சை,
ஸ்டோர் லயத்துக்கு நீலம்.

இப்போது காலைக் கூட்டத்தில்
பிள்ளைகள் பாண் மணக்கிறார்களாம்.
பசிக்கிறது என்று ஒரு டீச்சர் முறைப்பாடாம்.
நானாவுக்கு அது விளம்பரம்.
வாடகையைக் கூட்டவில்லை, இதுவரை.

ஆடி நடுவில் நாலு நாள் வெயில் அடித்தது.
மலையே கொடியாகிவிட்டது.
கல்லில், வேலியில், கூரைத் தகரத்தில்
கம்பளி, பாவாடை, தலையணை.
ஊரெல்லாம் சிரிக்க
நான் கடை வாசலில் நின்று
எதிர்க்கடைக்காரனைப் பார்ப்பதுபோல
வானத்தைப் பார்த்தேன்.
அவன் காசே வாங்குவதில்லை.

ஐந்தாம் நாள் இருட்டிக்கொண்டு வந்தது.
சொல்லக் கூடாது, எனக்குள் ஏதோ துள்ளியது.
அன்று அம்மாவுக்கு அரைப் பேர்.
கொங்காணி சொட்டச் சொட்ட
முதல் தடவையாக என் கடைக்குள் வந்தாள்.
சுற்றிப் பார்த்தாள்,
"கிலோ எவ்வளவு?" என்றாள்.
விளையாட்டா, தெரியவில்லை.
கொழுந்தைத் தவிர வேறெதையும்
நிறுத்துப் பார்க்காத கை
கொங்காணியை மடித்துத் தராசில் வைத்தது.

கொப்பியைத் திறந்து
பெருமாள் மாரியாயி என்று எழுதினேன்.
முழுப் பேர்.

நானா மூன்று மணிக்குத்தான் தீ மூட்டுவார்.
குளிர்ந்த சுவரில் இருவரும்
சாய்ந்துகொண்டு இருந்தோம்.